சம்பந்தி தோட்டத்துப் பஞ்சுருட்டான்

கூடாரம் என்றால் என்ன என்று என் சம்பந்திக்கு நான் படித்துப் படித்துச் சொன்னேன். துணியில் செய்த சின்ன வீடு. அதற்குள் நானும் பேரப்பிள்ளைகளும் படுத்துக்கொள்வோம். கஞ்சி காய்ச்ச ஒரு சின்ன அடுப்பு போதும். யாரும் வர வேண்டாம், எதுவும் கொண்டுவர வேண்டாம். அவரும் ஒவ்வொரு முறையும், "ஆமாங்க, புரியுதுங்க சம்பந்தி" என்றார். ஜேடர்பாளையம் தடுப்பணையைத் தாண்டிக் காவிரிக் கரையில் இருக்கும் அவருடைய தென்னந்தோப்புக்குள் எங்கள் கார் நுழைந்தபோது, அங்கே பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்குக் கீழே வரிசையாகக் கயிற்றுக் கட்டில்கள். பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நட்டநடு மே மாத மதியத்தில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"வளைகாப்பு ஏதாவது நடக்குதா அப்பிச்சி?" என்று பேத்தி கேட்டாள். பெங்களூரில் வளர்ந்தாலும் அம்மாவைப் பெற்ற தாத்தாவை அப்பிச்சி என்றும் அப்பாவைப் பெற்ற தாத்தாவை அப்பாரு என்றும் கூப்பிட என் மகள் பழக்கியிருக்கிறாள். அந்த அப்பாருதான் பந்தலுக்கு முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் கைகூப்பி நின்றிருந்தார்.

எனக்கு அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டு வாசலில் முகத்தைச் சுளிக்க முடியுமா? சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆட்டையாம்பட்டியில் நூல் வியாபாரம் பார்த்தவன் நான். கடையை மகன் கையில் விட்ட பிறகு பொழுது போகாமல் ஒரு கேமரா வாங்கினேன். பிறகு அதற்கு ஒரு லென்ஸ். பிறகு அதைவிட நீளமாக இன்னொன்று. "கல்யாணத்துல எடுத்த என்ற போட்டோவ இதுவரைக்கும் ஒருக்கா எடுத்துப் பார்த்ததில்ல, காக்கா குருவிக்கு இவ்வளவு நீளம் கேக்குது" என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. நான் எடுத்த படங்களில் பாதி, பறவை பறந்துபோன பிறகு ஆடிக்கொண்டிருக்கும் கிளைகள்தான். கூடாரத்துக்கு வருகிறாயா என்று அவளைக் கேட்டதற்கு, "ஊட்டுல ஃபேன் நல்லாத்தானுங்க சுத்துது" என்று சொல்லிவிட்டாள்.

அப்படிப்பட்ட எனக்கு இந்த வருஷம் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. சம்பந்தியின் தோப்பில் ஆற்றை நோக்கிச் சரிந்திருக்கும் மண்கரையில் ஒரு ஜோடிப் பஞ்சுருட்டான் பொந்து தோண்டியது. உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைப் பறவை. வாலின் நடுவில் கம்பி போல ஒரு இறகு நீட்டிக்கொண்டிருக்கும். அது அலகால் மண்ணைக் குத்தி, காலால் பின்னுக்குத் தள்ளி, ஒரு முழத்துக்கு மேல் சுரங்கம் போட்டது. நான் வெயிலில் காய்ந்து கிடந்து அதைப் படமெடுத்து, தினமும் பெங்களூருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

படங்களை என் மகள் பார்த்தாளோ இல்லையோ, பேத்தி பார்த்தாள். பதினொரு வயது. வாய் அதிகம் பேசமாட்டாள், பிடித்தால் விடமாட்டாள். இன்று எவ்வளவு தோண்டியது, முட்டையை யார் அடைகாப்பார்கள், மழை வந்தால் தண்ணீர் உள்ளே போகாதா என்று தினம் ஒரு கேள்வி. தாயும் தகப்பனும் தட்டானும் தேனீயுமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்ததும், குஞ்சு பொரித்துவிட்டது என்று எழுதினேன். அவ்வளவுதான். லீவுக்கு ஊட்டியில் அறை போட்டிருந்தார்கள். இவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "குஞ்சு வெளிய வர்றப்ப நான் அங்க இருக்கணும் அப்பிச்சி. முதல் நாள்லேர்ந்து பார்த்திருக்கேன்" என்றாள். நீ வா, நான் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்காகத்தான் இந்தக் கூடாரமே. அவளோடு அவள் தம்பியும் ஒட்டிக்கொண்டு வந்தான். ஆறு வயது. தூங்கும்போது மட்டும் பேசமாட்டான்.

சம்பந்தியிடமும் முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தேன். "உங்க தோப்புல ஒரு குருவி கூடு கட்டியிருக்குதுங்க. பேத்தி அதைப் பாக்கத்தான் வருது. யாரும் கலைச்சுப்புடாம பாத்துக்கங்க" என்றேன். "நீங்க சொல்லோணுங்களா? என்ற பேத்தி பாக்க வர்ற குருவி, யாரு தொட்டுப்போடுவாங்க?" என்றார்.

நல்ல மனுஷர்தான். அதில்தான் சிக்கலே. போர்வெல் வண்டிகள் வைத்து வடநாடு முழுக்கப் போய்க் கிணறு போட்டவர். காட்டிலும் மேட்டிலும் லாரிக்கடியில் படுத்துப் பணம் சேர்த்தவருக்கு, வந்த ஒரம்பரை, அதாவது வீடு தேடி வந்த உறவு, தரையில் படுப்பது என்பது தாங்கவே முடியாத அவமானம். காரிலிருந்து இறங்கினோமோ இல்லையோ, இளநீர் வந்தது. குடித்து முடிப்பதற்குள் நுங்கு வந்தது. பந்தலுக்குப் பின்னால் ஒரு சமையல்காரர் நாட்டுக்கோழியை வெட்டிக்கொண்டிருந்தார். அடுப்பு மூட்டியிருந்த இடம், நான் வழக்கமாகக் கேமராவோடு உட்காரும் இடம்.

"சம்பந்தி, நாங்க கூடாரத்துல இருந்துக்கறோம்னு சொன்னனுங்களே" என்றேன்.

"கூடாரத்துலயே இருங்க, யாரு வேண்டாங்கறது? ஆனா என்ற பேரனும் பேத்தியும் என்ற தோட்டத்துலயே மண்ணுல படுத்தா ஊர் என்னங்க பேசும்?"

பேரனுக்குக் கூடாரம் கட்டுவதுதான் ஒரே ஆசை. ஊரிலிருந்து வரும் வழியெல்லாம் எந்தக் குச்சியை எதில் சொருக வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தான். பையைப் பிரித்ததும் சம்பந்தியின் ஆட்கள் நாலு பேர் ஓடி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றைக் கொண்டுவந்து, நாலு தென்னைக்கும் இழுத்துக் கட்டினார்கள். புயலே வந்தாலும் அசையாது. பிறகு அதற்குள் ஒரு கட்டிலை நுழைக்கப் பார்த்தார்கள். நுழையவில்லை. உடனே கட்டிலைத் தரையில் போட்டுக் கூடாரத்தைத் தூக்கி அதன் மேல் கவிழ்த்தார்கள். வாசலில் ஒரு பெடஸ்டல் ஃபேனை வைத்தார்கள். பேரன் ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். "அழுவாத சாமி, அப்பாரு உனக்கு இன்னொன்னு வாங்கித் தாரேன்" என்று சம்பந்தி அவனைத் தூக்கிக்கொண்டார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சுற்றிப் பார்த்தால் தோப்பே எனக்கு அடையாளம் தெரியவில்லை. புல்லையெல்லாம் செதுக்கிச் சாணி தெளித்திருந்தார்கள். கரையோரம் இருந்த புதர் போயே போய்விட்டது. ஒரு வேப்பமரத்தின் அடியில் ஒரு ஆள் கையில் தடியோடு நின்றுகொண்டிருந்தார். தேங்காய்க்குக் காவல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "பாம்பு பயமே வேண்டாங்க, கரையெல்லாம் நானே கூட நின்னு சுத்தம் பண்ண வெச்சுட்டேன்" என்று சம்பந்தி ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்தினார். இருந்த எரிச்சலில் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நழுவினேன்.

நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் கோழி கொதித்துக்கொண்டிருந்ததால், தோப்பின் மறுபக்கம் போய் ஒரு தென்னைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அங்கிருந்து கரைச்சரிவு தெரியாது. பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பி மட்டும் நன்றாகத் தெரியும். பொந்துக்குப் போவதற்கு முன்னால் பறவை அந்தக் கம்பியில்தான் உட்காரும்.

உட்கார்ந்திருந்தது. வாயில் ஒரு தட்டான்.

மூன்று மாதமாக நான் படாத பாடு பட்டும் இப்படி ஒரு காட்சி எனக்குக் கிடைத்ததில்லை. எப்போதும் அரை நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் பறந்துபோகும் பறவை, அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்து, கழுத்தின் நீலமும் தட்டானின் கண்ணாடிச் சிறகும் மின்னின. எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் பேத்தி என்னுடைய பழைய கேமராவில் எடுத்தாள். சற்றுத் தள்ளி இன்னொரு பறவையும் வந்து உட்கார்ந்தது. அதன் வாயில் ஒரு தேனீ. இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஆண்டவன் எனக்கு ஒரு நல்ல படம் கொடுத்துவிட்டான் என்று நான் பூரித்துப் போனேன்.

பேத்தி எடுப்பதை நிறுத்திவிட்டு, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிச்சி, எல்லாம் ஒரே தட்டான்" என்றாள்.

"தட்டானெல்லாம் ஒரே மாதிரிதான் கண்ணு இருக்கும்."

"இல்ல. பாருங்க, ஒரு சிறகு கிழிஞ்சிருக்கு. முதல் படத்துலயும் இதேதான். அது இன்னும் குடுக்கவே இல்ல. ஏன் உள்ள போக மாட்டேங்குது?"

ஜெனரேட்டர்தான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. போய்ச் சம்பந்தியிடம் கெஞ்சினேன். ஃபேன் நின்றுவிடுமே, பிள்ளைக்கு வேர்க்குமே என்று அவர் இழுத்தார். ஒரு வழியாக அணைக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். பறவை கம்பியிலிருந்து இறங்கியது. கரைப்பக்கம் போனது. உடனே திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. தட்டான் அப்படியே வாயில் இருந்தது. மறுபடியும் போனது, மறுபடியும் வந்தது. பேத்தி எழுந்து கரையைப் பார்க்க ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"அப்பிச்சி, பொந்து இல்ல."

நான் போய்ப் பார்த்தேன். வீட்டுச் சுவருக்குப் பூசுவதுபோலக் கரைச்சரிவு முழுக்க மண்ணைக் குழைத்து வழவழவென்று பூசியிருந்தார்கள். வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அன்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் சம்பந்தி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

"எப்படீங்க, சுத்தமா இருக்குதுங்களா?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்.

என் பெண் வாழும் வீட்டின் பெரியவர். அவரை என்னவென்று கேட்பேன்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேத்திக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

"அப்பாரு, இங்க இருந்த ஓட்டை எங்க?"

"அடைச்சாச்சு சாமி. நெம்ப ஓட்டை இருந்துச்சு. பாம்பு கீம்பு இருந்து, நீங்க வெளையாடறப்ப கடிச்சுப்போட்டா என்ன பண்றது? நீங்க வர்றதுக்கு முன்னாலயே ஆளை வெச்சு எல்லாத்துலயும் தேங்கா நாரைத் திணிச்சு, மேல மண்ணு பூசச் சொன்னேன். ஒரு ஓட்டை உடல."

"அதுக்குள்ள குஞ்சு இருக்கு அப்பாரு."

அவர் சிரித்தார். "குஞ்சு மரத்துல கண்ணு. அந்தா வேம்புல கூடு இருக்குது பாரு. காத்தால இருந்து ஆளைப் போட்டுக் காவல் காக்கறேன். ஒரு எலையத் தொட உடல. குருவி எங்காச்சும் மண்ணுக்குள்ள கூடு கட்டுமா?"

தடியோடு நின்ற ஆளை நான் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு மேலே கிளையில் இருந்தது காக்கைக் கூடு. வாழ்நாளெல்லாம் பூமியில் ஓட்டை போட்ட மனுஷர், ஓட்டையை அடைத்துவிட்டுக் காக்கைக்குக் காவல் போட்டிருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான்.

பேத்தி தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். நான் எப்போதோ அனுப்பிய படம். பொந்தின் வாயில் பச்சைத் தலை ஒன்று எட்டிப் பார்க்கிறது. சம்பந்தி அதைப் பார்த்தார். கம்பியில் வாயில் இரையோடு உட்கார்ந்திருந்த பறவையை நிமிர்ந்து பார்த்தார். பேரனை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

"நாந்தான் அடைக்கச் சொன்னேன்" என்றார்.

மறு நிமிஷம், "கடப்பாரையக் கொண்டாங்கடா" என்று கத்தினார். பேத்தி குறுக்கே போய் நின்றுகொண்டாள். கடப்பாரை போட்டால் சுரங்கம் சரிந்து உள்ளே இருப்பதும் செத்துப்போகும் என்றாள். சரி, எந்த இடத்தில் தோண்டுவது? மூன்று மாதம் அங்கேயே தவம் கிடந்த எனக்குப் பூசின கரையில் ஒன்றும் பிடிபடவில்லை. இங்கே என்றேன், பிறகு அங்கே என்றேன். பேத்திதான் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். பொந்துக்கு இடதுபக்கம், ஒரு சாண் தள்ளி, கரையில் புதைந்த வெள்ளைக் கல் ஒன்று அதில் தெரிந்தது. ஈர மண்ணைக் கையால் வழித்து வழித்து அந்தக் கல்லைத் தேடினோம். கல் அகப்பட்டது.

தோண்ட ஆட்கள் முன்னால் வந்தார்கள். சம்பந்தி யாரையும் விடவில்லை. வெள்ளை வேட்டியோடு சேற்றில் மண்டிபோட்டு, விரலால் மண்ணைச் சுரண்டினார். உள்ளே திணித்திருந்த நார் தெரிந்ததும் கொத்தாகப் பிடித்து இழுத்தார். கூடவே பொலபொலவென்று மண் உதிர்ந்தது.

"இழுக்காதீங்க" என்று நான் கத்திவிட்டேன். "கொஞ்சமாச்சும் பொறுமை வேண்டாமுங்களா? ஒவ்வொரு இழையா எடுங்க."

மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நான் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு இழையாக எடுத்தார். தடித்த விரல். பொந்துக்குள் பாதிதான் நுழைந்தது. வெயில் ஆற்றுக்கு அந்தப்பக்கத்துத் தென்னைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பயம். இருட்டிவிட்டால் பறவை வராது.

கடைசி நாரும் வந்தது. பேத்தி காதை வைத்துக் கேட்டாள். நானும் கேட்டேன். குஞ்சு இருக்கிற பொந்தில் கிணுகிணுவென்று சத்தம் வரும். அன்று ஒன்றுமில்லை.

"செத்துருச்சா அப்பிச்சி?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாம போனாத்தான் அது வரும். அது உள்ள போனாத்தான் தெரியும்" என்றேன்.

சம்பந்தி எழுந்தார். ஒரம்பரை வந்திருக்கும்போது அடுப்பு அணையக் கூடாது என்று நினைக்கிற ஆள், நேராகப் போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். சமையல்காரர், ஆட்கள், தடியோடு நின்றவர் எல்லாரையும் ரோட்டுக்குப் போகச் சொன்னார். "கோழி பாதியில இருக்குதுங்களே" என்று சமையல்காரர் கேட்டதற்கு, "வேகலைன்னா போகுது, நீ போ" என்றார். காற்றில் படபடத்த பந்தல் துணியை இழுத்துச் சுருட்டிப் போட்டார். பிறகு எங்களோடு வந்து தென்னைகளுக்குப் பின்னால், இப்போது கரை தெரிகிற இடத்தில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். பேரன் அவருக்கும் எனக்கும் நடுவில். "குஞ்சுக்குப் பசிக்குமா?" என்று அவன் ஆரம்பித்ததும் சம்பந்தி அவன் வாயைப் பொத்தினார். சேற்றுக் கை. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

காத்திருந்தோம். கம்பியில் இருந்த பறவை இறங்கியது. பொந்துக்கு எதிரே சிறகடித்து நின்றது. திரும்பிப் போய்விட்டது. பேத்தியின் மூச்சு எனக்குக் கேட்டது. கேமராவைக் கண்ணில் வைத்திருந்தேன், ஆனால் எதையும் எடுக்கவில்லை. மறுபடியும் இறங்கியது. மறுபடியும் போனது. இந்தப் பறவைக்கும் புத்தியில்லை, வாசல்தான் திறந்திருக்கிறதே என்று அதன் மேலும் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் சம்பந்தி வாய்க்குள்ளேயே, "போ சாமி, உள்ள போ சாமி" என்று முனகிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை அது பொந்தின் வாயில் தொற்றியது. தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. அப்புறம் உடம்பு போனது, வால் போனது.

நாங்கள் நாலு பேரும் கரையையே பார்த்தபடி கிடந்தோம். இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை. செத்த குஞ்சுகளுக்கு முன்னால் தட்டானை வைத்துக்கொண்டு நிற்கிறதோ என்று நினைத்தேன்.

வெளியே வந்தது. கம்பிக்குப் போகாமல் எங்கள் பக்கமாகவே ஒரு மட்டையில் வந்து உட்கார்ந்தது. அலகு காலியாக இருந்தது.

பேத்தி என் கையைப் பிடித்து இறுக்கினாள். அந்த மங்கிய வெளிச்சத்தில் சம்பந்திக்குக் கண் அவ்வளவாகத் தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பறவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வாங்கிக்கிச்சுங்களா?" என்று கேட்டார்.

"வாங்கிக்கிச்சுங்க சம்பந்தி" என்றேன்.